பணியில் இருக்கும் செவிலியர் செயற்கை நகம் வைத்துக்கொள்ளலாமா?

கேட்டவர் ஓர் இளம் செவிலியர். பொது மருத்துவ வார்டில் வேலை. அக்காவின் திருமணத்துக்காக அக்ரிலிக் நகம் வைத்துக்கொண்டவர், அதோடு பணிக்குத் திரும்பியிருக்கிறார். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோர் முன்னாலும், "நாளைக்கு இந்த நகத்தோடு வராதே" என்று சொல்லிவிட்டாராம். அவருடைய கேள்வி இது: "நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இல்லை. கையுறை போட்டுக்கொள்கிறேன். கையை ஒழுங்காகக் கழுவுகிறேன். இந்த நகத்தால் நோயாளிக்கு உண்மையிலேயே கெடுதல் உண்டா? இல்லை, செவிலியர் என்றால் அலங்காரமே கூடாது என்ற பழைய எண்ணமா?"

தங்கையே, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: எடுத்துவிடுங்கள். நோயாளியைத் தொட்டு வேலை செய்கிற யாரும், எந்தப் பிரிவில் இருந்தாலும், செயற்கை நகத்தோடு பணிக்கு வரக்கூடாது. அக்ரிலிக், ஜெல், பசை போட்டு ஒட்டும் நகம், நுனியில் சேர்க்கும் நீட்டிப்பு எல்லாம் இதில் அடக்கம். 22 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கடைசி 9 ஆண்டுகள் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியில். உங்களை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டது தவறு. ஆனால் அவர் சொன்ன விஷயம் சரி. "சொன்னதைச் செய்" என்றால் மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும், அதனால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

நகமும் சதையும் போல என்று நெருக்கத்துக்கு உவமை சொல்வோம். அந்த நெருக்கத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. நக நுனிக்கு அடியில் உள்ள அந்தச் சிறு பள்ளத்தில்தான் கையில் உள்ள கிருமிகள் அதிகமாகக் கூடியிருக்கின்றன. உள்ளங்கையையும் புறங்கையையும் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகத்தடியில் ஸ்டெஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளும் தங்கிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது எல்லோர் கைக்கும் பொருந்தும், உங்கள் கைக்கும் என் கைக்கும். செயற்கை நகம் வந்ததும் அந்தப் பள்ளம் ஆழமாகிறது, கூடவே புதிய பள்ளங்களும் உண்டாகின்றன.

புதிதாகச் சேரும் செவிலியர்களுக்குக் கை கழுவும் பயிற்சி கொடுக்கும்போது ஒளிரும் திரவம் ஒன்றைக் கையில் தடவச் சொல்வேன். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால் வெளிர் நீலமாக ஒளிரும். தடவிக்கொண்டு, வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இருட்டறையில் விளக்கின் கீழ் கையை நீட்ட வேண்டும். உள்ளங்கை இருண்டு கிடக்கும், அதாவது அங்கே திரவம் போய்விட்டது. புறங்கையும் பெரும்பாலும் அப்படியே. விரல் நுனிகளில் மட்டும் சன்னமான பிறைகள் தெரியும். நகம் ஒட்ட வெட்டியவர்களுக்கு இரண்டு மூன்று பிறை, கொஞ்சம் வளர்த்தவர்களுக்குப் பத்தும்.

ஒருமுறை அக்ரிலிக் நகம் வைத்த பெண் ஒருவர் அந்தப் பயிற்சிக்கு வந்திருந்தார். அவருக்கு நுனியில் மட்டுமல்ல, நகத்தின் அடிவேரிலும் ஒரு கோடு ஒளிர்ந்தது. போய் மறுபடியும் கழுவிவிட்டு வந்தார், கோடு அப்படியே இருந்தது. மூன்றாவது முறை தூரிகை வைத்துத் தேய்த்தார். நுனியில் கொஞ்சம் மங்கியது, அடிவேரில் மங்கவில்லை. "இவ்வளவும் கிருமியா சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை, அது வெறும் திரவம்தான் என்றேன். திரவம் மிச்சமிருக்கும் இடத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போய்ச் சேரவில்லை, விளக்கு காட்டுவது அதை மட்டும்தான். அவர் விரல்களை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அடிவேர்க் கோடு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. மேலே ஒட்டிய அக்ரிலிக் வளராது. அது நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர்கிறது, பின்னால் ஒரு படி விழுகிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை நிரப்பச் சொல்வது இதனால்தான். அதற்கிடையில் விளிம்பு எங்காவது லேசாகத் தூக்கிக்கொண்டால், நகத்துக்கும் ஒட்டிய பொருளுக்கும் நடுவே ஈரம் புகுந்துவிடும். புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. ஒரு பணிநேரத்தில் செவிலியர் கை எத்தனை முறை நனைகிறது என்பது நமக்குத் தெரியும். ஈரத்தை விரும்பும் கிருமிகளில் முதன்மையானது சூடோமோனாஸ். செயற்கை நகத்தை எடுத்த பிறகு சிலருக்கு அடியில் பச்சை நிறம் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது சூடோமோனாஸ் உண்டாக்கும் நிறமிதான்.

அடுத்தது ஆல்கஹால் திரவம். இன்று நாம் கை சுத்தம் செய்வதில் பெரும்பங்கு அதில்தான் நடக்கிறது. கை முழுக்கப் பட்டு 20 முதல் 30 விநாடி வரை ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், அழுக்கைக் கரைத்து வெளியேற்றாது. பிளவுக்குள் அடைந்து கிடக்கும் கிருமியை அது தொடவே முடியாமல் போகலாம். விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றித் தேய்க்கும் படி ஒன்று உண்டல்லவா? நகத்தடிக்குத் திரவம் போவது அந்த ஒரு படியில்தான். நகம் நீண்டுவிட்டால் அதைச் சரியாகச் செய்யவே வராது. நகத்தின் முனைதான் உள்ளங்கையில் உரசும், விரல் நுனி எட்டாது.

இதெல்லாம் அனுமானம்தானே என்று நீங்கள் கேட்கலாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் செயற்கை நகம் வைத்திருந்த 21 மருத்துவப் பணியாளர்களையும் இயற்கை நகத்தோடு இருந்த 20 பேரையும் ஒப்பிட்டார்கள். கிருமிநாசினி சோப்பால் கழுவச் சொன்னார்கள், ஆல்கஹால் ஜெல்லையும் பயன்படுத்தச் சொன்னார்கள். சோப்போ ஜெல்லோ, சுத்தம் செய்த பிறகும் நோயுண்டாக்கும் கிருமிகள் எஞ்சியவர்கள் செயற்கை நகக்காரர்களிடையே தெளிவாக அதிகம். ஆக, நீங்கள் சொல்லும் "ஒழுங்காகக் கழுவுகிறேன்" என்ற வாதம் அங்கேயே அடிபடுகிறது. உங்கள் அக்கறையில் நான் குறை சொல்லவில்லை. அந்த அக்கறை போய்ச் சேர முடியாத ஓர் இடத்தை நகம் உண்டாக்கிவிடுகிறது.

கையில் கிருமி இருப்பது வேறு, அது நோயாளியைச் சேர்வது வேறு. சேர்ந்ததாகக் காட்டும் நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது. 1997 ஜனவரி முதல் 1998 மார்ச் வரையிலான காலம். அனுமதிக்கப்பட்ட 439 குழந்தைகளில் 46 பேரிடம் சூடோமோனாஸ் கண்டறியப்பட்டது. அந்த 46 பேரில் 16 குழந்தைகள் இறந்துபோனார்கள். இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் என் தொண்டை அடைக்கிறது.

இந்தச் சம்பவத்தைச் "செயற்கை நகத்தால் 16 குழந்தைகள் இறந்தார்கள்" என்று பலர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல, நான் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். 104 பணியாளர்களின் கைகளைச் சோதித்ததில் மூன்று செவிலியர்களிடம் சூடோமோனாஸ் கிடைத்தது. ஒருவருக்கு நீண்ட இயற்கை நகம், ஒருவருக்கு நீண்ட செயற்கை நகம், மூன்றாமவருக்குக் குட்டையான இயற்கை நகம். மற்ற காரணங்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டபோது குழந்தைகளின் தொற்றோடு தொடர்பு தெரிந்தது இயற்கை நகம் கொண்ட இரண்டு பேரின் பராமரிப்போடுதான். செயற்கை நகக்காரரோடு அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. நீண்ட நகத்துக்கும் செயற்கை நகத்துக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும், ஆனால் நிரூபணம் ஆகவில்லை என்றுதான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: ஒட்டிய நகத்தை மட்டும் விரட்டிவிட்டு, வளர்த்த சொந்த நகத்தை விட்டுவைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

வேறு நிகழ்வுகளில் தடம் இன்னும் நேராகப் போகிறது. 1994-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் இதய அறுவை செய்துகொண்ட 7 பேருக்கு செராஷியா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. துப்பு ஒரு அறுவை அரங்குச் செவிலியரிடம் போய் நின்றது. அவர் செயற்கை நகம் அணிந்திருந்தார். அதே கிருமி அவர் வீட்டில் பயன்படுத்திய தோல் தேய்க்கும் கிரீம் டப்பாவில் இருந்தது. வீட்டுக் குளியலறையில் இருந்த ஒன்று, அறுவைக்கு முன் செய்யும் அவ்வளவு நீண்ட கை கழுவலையும் தாண்டி நோயாளியின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இன்னோரிடத்தில் முதுகெலும்பு அறுவை செய்துகொண்ட மூன்று பேருக்கு எலும்பில் கேண்டிடா பூஞ்சைத் தொற்று. மூன்று அறுவையிலும் கூட நின்ற ஒரே தொழில்நுட்பப் பணியாளர், அந்தக் காலத்தில் செயற்கை நகம் வைத்திருந்தவர். 2004-இல் வெளியான ஓர் அறிக்கை, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா பரவியதைச் செயற்கை நகம் அணிந்த ஒரு பணியாளரோடு இணைத்தது. டயாலிசிஸ் பிரிவிலும் இப்படி ஒன்று பதிவாகியிருக்கிறது.

நகத்தை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைத்து நடத்திய பெரிய சோதனை எதையும் நான் காட்டப்போவதில்லை. அப்படி ஒன்றை நடத்த எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆனால் தராசின் இரண்டு தட்டையும் பாருங்கள். ஒரு தட்டில் பணி நாட்களில் மட்டும் விட்டுக்கொடுக்கும் ஓர் அலங்காரம். மறு தட்டில், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவரின் ரத்தத்தில் கிருமி. நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டும் நிலைக்கு விடக்கூடாது என்பார்கள். பல மருந்துக்கு அடங்காத கிருமி ஒரு வார்டில் நுழைந்துவிட்டால் அதை வெளியேற்றக் கோடாலியும் போதாது. அதை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி, "தீவிர சிகிச்சைப் பிரிவில் இல்லையே" என்ற உங்கள் வாதம். இதை உங்கள் தோழிகள் யாரோ சொல்லியிருப்பார்கள், அதற்கு ஒரு மூலமும் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் 2002-இல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டுதலில், தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு போன்ற இடங்களில் உள்ள அதிக ஆபத்து நிறைந்த நோயாளிகளை நேரடியாகத் தொடுவோர் செயற்கை நகம் அணியக்கூடாது என்று இருந்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த வரையறை இல்லை. நோயாளியை நேரடியாகத் தொடும் எவருக்கும் செயற்கை நகமோ நீட்டிப்போ கூடாது என்று பொதுவாகவே சொன்னது, அதையும் தன் மிக வலுவான பரிந்துரைகளின் வரிசையில் வைத்தது. இயற்கை நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

விதியை விட்டுவிட்டு உங்கள் வார்டையே எண்ணிப் பாருங்கள். பொது மருத்துவ வார்டில் யார் படுத்திருக்கிறார்கள்? சர்க்கரை நோயால் கால் புண் ஆறாதவர், புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குறைந்தவர், சிறுநீர்க் குழாய் பொருத்தியவர், நேற்றுதான் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இறக்கிவிடப்பட்டவர். ஆபத்து உள்ளவர், இல்லாதவர் என்று கட்டிலுக்குக் கட்டில் நகத்தை மாற்றிக்கொண்டு போக முடியாது.

கையுறை விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கையுறைக்குள் கை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அங்கே கிருமி குறைவதற்குப் பதில் பெருகுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் புதிய கையுறையிலும் இருக்கலாம், நீண்ட கூர்மையான நகம் இருந்தால் அதுவே உள்ளிருந்து கிழித்துவிடும். கழற்றும்போது கை மாசுபடுவதும் சாதாரணம். அதனால்தான் அணிவதற்கு முன்பும் கழற்றிய பின்பும் கை சுத்தம் செய்யச் சொல்கிறோம். போதாததற்கு, நாம் கையுறை இல்லாமல் செய்யும் வேலைகளே அதிகம். நாடி பார்ப்பது, தலையணையைச் சரிசெய்வது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, தோளில் கைகொடுத்து எழுப்பி உட்கார வைப்பது.

கிருமியை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, மனதளவில் அது எனக்குப் பெரியது. வயதானவர்களின் தோலை அருகில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெங்காயச் சருகு போல இருக்கும். ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் எடுத்தவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு பாட்டியம்மாவின் முன்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுக்கும்போது, உடன் இருந்தவரின் நக நுனி பட்டு ஓர் அங்குலத்துக்குத் தோல் சுருண்டு வந்துவிட்டது. பாட்டி கத்தவில்லை. "பரவாயில்லைம்மா" என்றார். அந்தச் சிராய்ப்பு ஆற 19 நாள் பிடித்தது, தினமும் கட்டு மாற்றியது நான். குறைமாதக் குழந்தையின் தோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கைப்பதமும் போய்விடும். சிரை எங்கே ஓடுகிறது என்று தேடும்போது கண்ணைவிட விரல் நுனிதான் நமக்கு வழிகாட்டி. அழுத்தினால் துள்ளி எழும் அந்த மெத்தென்ற உணர்வை நகம் நீண்ட விரலால் முழுதாக உணர முடியாது. விரலைச் சாய்த்து, அதன் வயிற்றுப் பகுதியால் தடவ வேண்டியிருக்கும். சிரைக்குள் மருந்து ஏற்றும் சிறு குழாயான கேனுலா போடும்போது ஒரு குத்தில் முடிய வேண்டியது இரண்டு மூன்று குத்தாகும். சின்ன மருந்துக் குப்பியை உடைப்பது, குழாய் இணைப்பைத் திருகி மூடுவது எல்லாவற்றிலும் இந்தத் தடுமாற்றம் வரும்.

நெயில் பாலிஷ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அந்தக் கேள்விதான் வரும். புதிதாகப் பூசிய, எங்கும் பெயராத சாதாரண நகப்பூச்சு கிருமியைக் கூட்டுவதாக வலுவான ஆதாரம் இல்லை. உரிந்து சொரசொரப்பானால் கிருமி தங்க இடமாகலாம். வார்டு வேலையில் இரண்டாம் நாளே அது உரியும். கூடவே, நிறம் பூசிய நகத்தடியில் அழுக்கு இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியாது. அதனால் பணி நாட்களில் வேண்டாம் என்பேன். விளக்கில் காட்டி இறுக வைக்கும் ஜெல் பூச்சை நான் செயற்கை நகத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். ஆல்கஹால் திரவம் தேய்த்த பிறகு வெறும் நகத்திலும் சாதாரணப் பூச்சிலும் கிருமி குறைந்தது, ஜெல் பூச்சில் குறையவில்லை என்று ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மருத்துவமனை விதி எதுவோ அதன்படி நடங்கள். விதியே இல்லையென்றால் வெறும் நகம் போதும்.

"செவிலியருக்கு அலங்காரம் கூடாது என்ற பழைய எண்ணமா" என்று கேட்டீர்களே, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த எண்ணம் இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நம் தலைமுடி, பொட்டு, உயரம், எடை வரைக்கும் கருத்துச் சொன்னவர்களை நானும் சகித்திருக்கிறேன். அவற்றுக்கும் நோயாளியின் நலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நகத்துக்கு இருக்கிறது. ஆகவே, உண்மையான பாதுகாப்பு விதி ஒன்றை வேறு அடக்குமுறைகளோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதேபோல், விதி பாதுகாப்புக்காக என்றால் அது எல்லோர் கைக்கும் வர வேண்டும். சுற்று வரும் மருத்துவர், ரத்தம் எடுக்க வரும் ஆய்வகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட், வார்டு உதவியாளர், பயிற்சிக்கு வரும் மாணவர் யாருக்கும் விலக்கு கூடாது. செவிலியரை மட்டும் நிறுத்தி வைத்து நகம் பார்க்கும் மருத்துவமனை அந்த விதியின் மரியாதையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2007-இல் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்ற கொள்கையை அறிவித்தபோது நோயாளியைத் தொடும் மருத்துவர்களின் நீண்ட சட்டைக் கையும் கைக்கடிகாரமும் சேர்ந்தே போயின. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நோயாளியைத் தொடாத வேலையில் இருக்கும் செவிலியர், அதாவது அலுவலகத்திலோ தொலைபேசி ஆலோசனையிலோ இருப்பவர், என்ன நகம் வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அவர் ஒருநாள் வார்டுக்கு உதவிக்கு வந்தால் கதை மாறும்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். பல்லால் கடித்தோ நெம்பியோ பிய்க்காதீர்கள். பிய்த்தால் சொந்த நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். நகம் மெலிந்து, சொரசொரவென்று ஆகி, கிருமிக்கு இன்னும் வசதியாகிவிடும். அக்ரிலிக்கை அசிட்டோனில் ஊறவைத்து இளக்கித்தான் எடுக்க வேண்டும், வைத்துவிட்டவரிடமே போய் எடுப்பது நல்லது. எடுத்ததும் ஒட்ட வெட்டுங்கள். உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தால் விரல் நுனிக்கு மேலே நகம் எட்டிப் பார்க்கக்கூடாது, நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு அதுதான். சில வாரங்களுக்கு நகம் வறண்டு, மடங்கி, கூசும். பணி முடிந்த பிறகு எண்ணெயோ கிரீமோ தடவி வாருங்கள். அந்த டப்பாவை யாரோடும் பகிராதீர்கள், விரலை உள்ளே விட்டு எடுக்காதீர்கள், பிதுக்கி எடுக்கும் குழாயாக இருந்தால் இன்னும் நல்லது.

எடுத்த பிறகு அடியில் பச்சையாக இருந்தாலோ, ஓரம் சிவந்து வீங்கி நகச்சுத்தி போல வலித்தாலோ, நகம் சதையை விட்டுப் பிரிந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அக்ரிலேட் வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். விரல் நுனி அரித்து வெடிக்கும், சில சமயம் கண் இமையில்கூடத் தடிப்பு வரும். இதில் எது இருந்தாலும் மறைக்காமல் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஆறும்வரை நோயாளியைத் தொடாத வேலை கேளுங்கள். பயந்துகொண்டு பூச்சு போட்டு மூடிவிட்டு வேலைக்கு வருபவர்களைக் கண்டுதான் எனக்கு அதிகக் கவலை.

அடுத்த திருமணத்துக்கு ஆசையாக இருந்தால் தற்காலிகமாக ஒட்டும் நகம் வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு முடிவதற்கு முந்தின நாள் பகலிலேயே எடுத்து, பசையின் மிச்சம் போகும்வரை கழுவி, நகத்தை வெட்டிவிடுங்கள். காலைப் பணிக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைச் செய்யப் பார்த்தால் ஏதாவது ஒரு விரலில் கட்டாயம் மிச்சம் இருக்கும்.